தண்ணீர் கொண்டுவரப் போன பிரபு

நம் சங்கத்து வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு வரலாற்றுப் பாடம் எழுத வேண்டும் என்று பணித்திருக்கிறார்கள். இந்த மாதம் நான் எழுதுவது பாடம் என்பதைவிட ஒரு பிழைதிருத்தம் என்பதே பொருந்தும். பிழை என்னுடையது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதைத் தலைநகரின் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நான் தில்லியில் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பத்தாம் வகுப்பு வரலாற்றில் 1946-ஆம் ஆண்டின் கேபினட் தூதுக்குழு ஒரு முக்கியமான பகுதி. அதில் வந்தவர்கள் மூவர்: பெத்திக் லாரன்ஸ் பிரபு, சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ், ஏ.வி. அலெக்சாண்டர். பரீட்சையில் மறந்துவிடக் கூடாது என்பதற்காக "பெ, கி, அ" என்று பிள்ளைகளை உருப்போட வைப்பேன். ஒருநாள் இரண்டாவது பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பிரபுன்னா நம்ம ஊர் ஜமீன்தார் மாதிரியா?" என்று கேட்டான். மணி அடிக்கப் போகிற நேரம். "ஆமாம்ப்பா, பரம்பரைப் பிரபு. ஏழை எளியவர் கஷ்டம் தெரியாத வர்க்கம். அப்படிப்பட்டவரைத்தான் நமக்குச் சுதந்திரம் பேச அனுப்பினார்கள்" என்று சொல்லி முடித்துவிட்டேன். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே வாக்கியத்தைச் சொல்லிவந்தேன். வகுப்பில் நன்றாக எடுபட்ட வாக்கியம் அது.

சென்ற பொங்கல் விழாவில் அந்தப் பையனைச் சந்தித்தேன். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. அவன் மகள் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறாள். "தாத்தா, பெத்திக் லாரன்ஸ் பரம்பரை ஜமீன்தார் என்று அப்பா சொல்கிறார். உங்கள் பாடத்தில் கேட்டதாம். நான் படித்த புத்தகத்தில் அவர் ஜெயிலுக்குப் போனவர் என்று இருக்கிறதே?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுவாரமே நூலகத்துக்குப் போனேன். அங்கே படித்தவற்றை இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

பிரபு என்றால் யார்?

முதலில் சொல்லை விளக்கிவிடுகிறேன். இங்கிலாந்தில் பிரபுப் பட்டம் ஐந்து படிகள் கொண்டது. மேலிருந்து கீழாக டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன் என்று வரும். பழைய நிலப்பிரபுக் குடும்பங்களுக்கு இவை பரம்பரையாக வந்தவை. ஆனால் எல்லாப் பிரபுக்களும் அப்படி வந்தவர்கள் அல்லர். பிரதமரின் சிபாரிசின் பேரில் மன்னர் புதிதாகப் பட்டம் கொடுத்து, சாதாரண மனிதர் ஒருவரைப் பிரபுக்கள் சபையில் உட்கார வைக்கலாம். அரசியல்வாதிகள் பலர் அப்படித்தான் அங்கே போனார்கள். 1958-ல் ஆயுட்காலப் பிரபுக்கள் சட்டம் வரும்வரை இப்படிக் கொடுத்த பட்டமும் பொதுவாக மகனுக்குப் போகும் பரம்பரைப் பட்டமாகவே இருந்தது. மகன் இல்லாவிட்டால் பட்டம் அவரோடு முடிந்துவிடும்.

ஆக, "லார்டு" என்ற அடைமொழியைப் பார்த்து ஒருவரின் பிறப்பை முடிவுகட்ட முடியாது. நம் தூதுக்குழுவிலேயே பாருங்கள். "சர்" என்று மட்டும் அழைக்கப்பட்ட கிரிப்ஸின் தந்தைதான் பார்மூர் பிரபு. அலெக்சாண்டர் ஒரு கொல்லரின் மகன். அப்போது பட்டம் எதுவும் இல்லை, பின்னாளில் அவரும் பிரபு ஆனார். "லார்டு" என்று வந்தவரோ தூதுக்குழு தில்லியில் இறங்குவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் பிரபு ஆனவர். அதற்கு முந்தைய எழுபத்து மூன்று ஆண்டுகளும் அவர் வெறும் மிஸ்டர்.

எனக்கு ஏன் அந்தத் தவறு நேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வெள்ளைக்காரன் கொடுக்கும் பட்டத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் காற்றைச் சுவாசித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பட்டத்தைத் துறந்த சென்னை எஸ். சுப்பிரமணிய ஐயரையும், 1919-ல் "சர்" பட்டம் வேண்டாம் என்று எழுதிய தாகூரையும் போற்றியவர்கள் எங்கள் பெரியவர்கள். பட்டம் வாங்கியவர் என்றாலே எதிர்ப்பக்கத்து ஆள் என்ற எண்ணம் ஊறிவிட்டது. அந்த எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இவர் வாழ்க்கையே சாட்சி.

செல்வந்தர் வீட்டுப் பிள்ளை

பிரெடரிக் வில்லியம் லாரன்ஸ் 1871 டிசம்பர் 28-ல் லண்டனில் பிறந்தார். பணக்காரக் குடும்பம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியிலும் படித்தார். கணக்கில் கெட்டிக்காரர். கேம்பிரிட்ஜ் மாணவர் யூனியனுக்குத் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட இளைஞனுக்கு நேராகப் பார்லிமெண்டுக்குப் பாதை போட்டிருக்கும்.

அவரோ லண்டனின் கிழக்குப் பகுதிக்கு, துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருந்த கேனிங் டவுனுக்குப் போய், ஏழைகளுக்குச் சேவை செய்யும் இல்லம் ஒன்றில் தங்கினார். அந்த நாட்களில்தான் எம்மலின் பெத்திக் என்ற சமூக சேவகியின் அறிமுகம் கிடைத்தது. தையல் வேலை செய்யும் ஏழைப் பெண்களுக்காகச் சங்கம் நடத்திவந்தவர் அந்த அம்மையார். போயர் யுத்தம் பற்றி இருவருக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. அம்மையார் யுத்தத்தை எதிர்த்தவர். கடைசியில் லாரன்ஸின் மனம்தான் மாறியது. 1901-ல் திருமணம் நடந்தது. கணவன் பெயரை மனைவி ஏற்பது அவர்கள் நாட்டு வழக்கம். இவர்களோ இரண்டு பெயரையும் சேர்த்து இருவருமே பெத்திக் லாரன்ஸ் ஆனார்கள். நாம் பரீட்சைக்காக உருப்போட்ட அந்தப் பெயரில் முன்பாதி மனைவியுடையது.

குற்றவாளிக் கூண்டில்

அன்று இங்கிலாந்தில் பார்லிமெண்டுத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. 1903-ல் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தொடங்கிய பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் 1906-ல் இத்தம்பதியர் சேர்ந்தார்கள். மனைவி பொருளாளர். கணவர் ஜாமீன் எடுப்பவர், கணக்குப் பார்ப்பவர், வழக்குகளுக்கு ஆலோசகர். 1907-ல் இருவரும் சேர்ந்து 'பெண்களுக்கு வாக்கு' என்ற பொருள்படும் பெயரில் பத்திரிகை தொடங்கினார்கள். லண்டன் கிளெமென்ட்ஸ் இன் என்ற இடத்தில் அவர்கள் குடியிருந்த கட்டடமே இயக்கத்துக்குத் தலைமை அலுவலகம். அந்த ஆண்டுகளில் காந்திஜி தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக இருமுறை லண்டன் வந்தார். உரிமைக்காகச் சிறை செல்லும் பெண்களைப் பார்த்து வியந்து தம் 'இந்தியன் ஒபீனியன்' பத்திரிகையில் எழுதினார். கல்லெறியும் வழியை மட்டும் அவர் ஏற்கவில்லை.

1912 மார்ச்சில் பெண்கள் லண்டன் கடைவீதிகளில் கண்ணாடி ஜன்னல்களை உடைத்தார்கள். போலீசார் தலைமை அலுவலகத்தில் நுழைந்து பெத்திக் லாரன்ஸ் தம்பதியரைச் சதிக்குற்றத்தில் கைது செய்தார்கள். மே மாதம் விசாரணை. குற்றம் சாட்டி வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் சர் ரூஃபஸ் ஐசக்ஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். லாரன்ஸ் தம் வழக்கைத் தாமே வாதாடினார். ஜூரிகள் இரக்கம் காட்டச் சொல்லியும் தண்டனை ஒன்பது மாதம்.

சிறையில் இவர்களுக்கு முதல் வகுப்பு கிடைத்தது. மற்றப் பெண் கைதிகளுக்கு அந்தச் சலுகை மறுக்கப்பட்டது. நம் நாட்டில் அரசியல் கைதிகள் 'ஏ' கிளாஸ், 'சி' கிளாஸ் என்று பிரிக்கப்பட்ட கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எல்லாருக்கும் கிடைக்கும்வரை எங்களுக்கும் உணவு வேண்டாம் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். பிரிக்ஸ்டன் சிறையில் லாரன்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டு குழாய் வழியாக உணவைப் பலவந்தமாக உள்ளே செலுத்தினார்கள். பல நாள் இது நடந்தது. ஜூன் மாதக் கடைசியில் உடல் நலிந்த நிலையில் விடுதலையானார்.

துன்பம் அதோடு முடியவில்லை. வழக்கு நடத்திய செலவை அரசாங்கம் அவரிடமே கேட்டது. கொடுக்க மறுத்தார். சர்ரே மாவட்டத்தில் இருந்த அவர் வீட்டில் அமீனா வந்து உட்கார்ந்தார். சாமான்கள் ஜப்தியாகி ஏலம் போயின. நண்பர்கள் சிலர் ஏலத்தில் எடுத்த பொருள்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஜன்னல் உடைந்த கடைக்காரர்களும் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். திவால் நடவடிக்கைவரை போயிற்று. பணம் இல்லாமல் அல்ல, கொள்கைக்காகக் கொடுக்க மறுத்து அந்த அவமானத்தை ஏற்றுக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அடி. இயக்கம் தீவைப்பு போன்ற வழிகளுக்குப் போக நினைத்தபோது இத்தம்பதியர் உடன்படவில்லை. 1912 அக்டோபரில் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். எந்த இயக்கத்துக்காகச் சிறையும் ஜப்தியும் கண்டார்களோ அதுவே கதவைச் சாத்தியது. இருவரும் வெளியில் வந்து யாரையும் தூற்றவில்லை, பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தினார்கள். நம் சங்கங்களில் நடக்கும் சண்டைகளை நினைத்தபோது, இந்த இடத்தில் புத்தகத்தைச் சற்று மூடிவைத்தேன்.

தோல்வியும் வெற்றியும்

முதல் உலக யுத்தத்தின்போது சமாதானப் பேச்சு வேண்டும் என்று சொன்ன சிலரில் அவரும் ஒருவர். 1917-ல் தெற்கு அபர்டீன் இடைத்தேர்தலில் அதே கோரிக்கையோடு நின்றார். சில நூறு வாக்குகளே கிடைத்தன. 1918-ல் கட்டாய ராணுவச் சேவைக்கு வயது வரம்பை உயர்த்தியபோது, நாற்பத்தாறு வயதில் மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுத்துப் பண்ணை வேலைக்குப் போனார். அதே 1918-ல்தான் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு வந்தது. ஆணுக்குச் சமமாக இருபத்தொரு வயதில் கிடைக்க 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்பு தொழிற்கட்சியில் சேர்ந்தார். 1923 பொதுத் தேர்தலில் மேற்கு லெஸ்டர் தொகுதி. எதிர்த்து நின்ற லிபரல் வேட்பாளர் வின்ஸ்டன் சர்ச்சில். லாரன்ஸ் 4,000 வாக்குகளுக்கு மேல் அதிகம் பெற்று வென்றார். 1929-ல் அமைந்த தொழிற்கட்சி அரசாங்கத்தில் நிதித்துறையில் துணை அமைச்சரைப் போன்ற பொறுப்பு வகித்தார். 1931-ல் பிரதமர் மெக்டொனால்டு கட்சியை விட்டுத் தேசிய அரசாங்கம் அமைத்தபோது கூடப் போகாமல் கட்சியிலேயே நின்றார், தேர்தலில் தோற்றார். 1935-ல் கிழக்கு எடின்பரோவில் வென்று திரும்பினார்.

இந்தியாவைப் பற்றி அவர் ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். 1926-ல் மனைவியோடு இங்கே வந்து சுற்றிப் பார்த்திருக்கிறார். 1931-ல் காந்திஜி கலந்துகொண்ட இரண்டாம் வட்டமேஜை மாநாட்டில் அவரும் ஓர் உறுப்பினர்.

பிரபு ஆக்கியது எதற்கு?

1945 ஜூலையில் தொழிற்கட்சி பெருவெற்றி பெற்றது. எடின்பரோவில் லாரன்ஸும் ஜெயித்தார். அட்லி அவரை இந்தியா மந்திரி ஆக்கினார், பர்மாவின் பொறுப்பும் அவரிடமே. ஆகஸ்டு மாதம் பீஸ்லேக் ஊர்ப் பெத்திக் லாரன்ஸ் பேரன் என்று பட்டம் கொடுத்துப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பினார். காலியான எடின்பரோ தொகுதியில் அக்டோபரில் இடைத்தேர்தல் நடந்தது.

எதற்கு இந்தப் பட்டம்? அந்நாட்டில் பொதுவாகச் சட்டங்கள் இரண்டு சபைகளையும் தாண்டியாக வேண்டும். மேல்சபையில் அரசாங்கத்துக்காகப் பேச அமைச்சர்கள் தேவை. அங்கே கன்சர்வேடிவ் பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது, தொழிற்கட்சிக்காரர் சொற்பம். நம் மாநிலங்களவைக்கு அமைச்சர்களை அனுப்புவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் என்னவென்றால், அங்கே போகிறவர் பிரபுப் பட்டத்தோடுதான் போக முடியும், போன பிறகு மக்கள் சபைக்குத் திரும்பவும் அன்று முடியாதிருந்தது.

இதில் இரண்டு விசித்திரங்கள் உண்டு. பிரபுக்களுக்குப் பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை அன்று இருக்கவில்லை. பிறருக்கு ஓட்டு வேண்டும் என்று சிறை சென்றவர், பட்டம் ஏற்ற அன்று தம் ஓட்டை இழந்தார். இரண்டாவது, பெண்கள் உறுப்பினராக உட்கார முடியாத சபையாக அப்போது அது இருந்தது. பெண்களுக்காக உழைத்தவர் போய்ச் சேர்ந்த இடம் அது!

தில்லியில் மூன்று மாதம்

1946 மார்ச் 24-ல் தூதுக்குழு தில்லி வந்தது. வயது எழுபத்து நான்கு; அவர்தான் தலைவர். ஏப்ரல், மே, ஜூன் மாத தில்லி வெயிலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள் காந்திஜி பேச்சுவார்த்தைக்கு வந்தார். நடுவில் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றார். சேவகனைக் கூப்பிட மணி அடிக்கவில்லை. இந்தியா மந்திரியே எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார். அது வரத் தாமதமானதும் கிரிப்ஸும் எழுந்து ஓடினார். உடனிருந்த வைசிராய் வேவலுக்கு இது பொறுக்கவில்லை. டவாலிச் சேவகனுக்குச் சொல்லாமல் மந்திரியே போவதா, காந்திக்கு இவ்வளவு பணிவா என்று திகைத்துப்போய்த் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த நாட்குறிப்பு பின்னாளில் அச்சாகியது. அதனால்தான் நமக்கு இது தெரிகிறது.

வேவல் நேர்மையான போர்வீரர். அவர் கண்ணுக்கு அது பதவியின் கௌரவம் குலைந்த காட்சி. எனக்கோ அதைப் படித்தபோது பிரிக்ஸ்டன் சிறை ஞாபகம் வந்தது. உண்ணாவிரதம் இருந்தவரின் தாகத்தை, உண்ணாவிரதம் இருந்தவர்தானே அறிவார்?

மே மாதம் சிம்லாவில் மாநாடு. காங்கிரஸ் தரப்பில் ஆசாத், நேரு, படேல், கான் அப்துல் கபார் கான். நால்வரும் நீண்ட காலம் சிறையில் இருந்தவர்கள். எதிரே அரசாங்கத்தின் தலைவராக உட்கார்ந்தவரும் பழைய கைதி. "சதிக்குற்றம்" என்ற சொல்லுக்கு அந்த மேஜையின் இரண்டு பக்கமும் அர்த்தம் தெரியும். சட்டத்தை மீறியவரோடு சமமாக உட்கார்ந்து பேசலாம், பேசித்தான் ஆகவேண்டும் என்பதை யாரும் அவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

மே 16-ல் திட்டம் வெளியாயிற்று. அன்று அவரே வானொலியில் பேசி அதை விளக்கினார். வெளிவிவகாரம், பாதுகாப்பு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்று மட்டும் மத்தியில், மற்றவை மாகாணங்களிடம், மாகாணங்களுக்கு மூன்று பிரிவுகள். நம் சென்னை மாகாணம் 'ஏ' பிரிவில் இருந்தது. தனிப் பாகிஸ்தானைத் திட்டம் ஏற்கவில்லை. ஜூன் 6-ல் லீகும், ஜூன் 25-ல் காங்கிரஸும் தத்தம் விளக்கங்களோடு ஒப்புக்கொண்டன. ஜூன் 29-ல் தூதுக்குழு ஊர் திரும்பியது.

சிக்கல் அந்த 'விளக்கங்களில்'தான் இருந்தது. மாகாணங்கள் பிரிவுகளில் சேர்வது கட்டாயமா, விருப்பமா? திட்டத்தின் சொற்கள் இரண்டுக்கும் இடம் கொடுப்பதாக ஒவ்வொருவரும் படித்தார்கள். கட்டாயம் என்பதுதான் கருத்து என்று தூதுக்குழு மே 25-ல் அறிவித்தும் சண்டை ஓயவில்லை. இந்தத் தெளிவின்மையில் தலைவருக்கும் பங்கு உண்டு. இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில், ஒப்புக்கொண்டது என்ன என்பதை அவர்கள் கறாராக எழுதி வாங்கவில்லை. ஜூலை 29-ல் லீக் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டு 16-ல் கல்கத்தாவில் ரத்தம் ஓடியது. நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது என்பதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதி. அவரைப் பிடிக்காதவர்கள் 'பெத்திக்' என்பதைப் 'பெதட்டிக்' ஆக்கி, பரிதாபத்துக்குரிய லாரன்ஸ் என்று கேலி பேசினார்கள்.

ஆனாலும் திட்டத்தின் ஒரு கால் ஊன்றி நின்றது. செப்டம்பர் 2-ல் நேரு தலைமையில் இடைக்கால அரசாங்கம் பதவியேற்றது. ராஜாஜியும் அதில் ஓர் உறுப்பினர். டிசம்பர் 9-ல் அரசியல் நிர்ணய சபை தில்லியில் கூடியது. நாம் இன்று வாழும் அரசியல் சட்டத்தை எழுதிய சபை அதுதான்.

பிரபுக்கள் சபையில் இரண்டு நாள்

1947 பிப்ரவரி 20-ல் அட்லி, 1948 ஜூனுக்குள் அதிகாரத்தை இந்தியரிடம் ஒப்படைப்போம் என்று அறிவித்தார். மேல்சபையில் புயல் எழுந்தது. இந்தியாவின் பழைய எஜமானர்கள் பலர் உறுப்பினராக இருந்த சபை அது. முன்னாள் வைசிராய்களான ஹாலிபாக்ஸும் லின்லித்கோவும் அதில் உறுப்பினர்கள். நம் ஊரெங்கும் கறுப்புக்கொடி கண்ட சைமனும் இப்போது பிரபு. முன்னாள் இந்தியா மந்திரி சாமுவேல் ஹோர், டெம்பிள்வுட் பிரபு என்ற பெயரில் அங்கே இருந்தார். தேதி குறித்து வெளியேறுவது தவறு என்று கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்தான்.

பிப்ரவரி 25, 26 இரண்டு நாளும் விவாதம். அந்தச் சபையில் எழுந்து நின்று இந்திய விடுதலைக்காக அரசாங்கத்தின் சார்பில் பதில் சொல்ல வேண்டியவர் பெத்திக் லாரன்ஸ். பட்டம் கொடுத்து அனுப்பியதன் பயன் அந்த இரண்டு நாளில் விளங்கியது. பிறகு ஹாலிபாக்ஸ் பேசினார். இதைவிட நல்ல வழி ஒன்றை என்னால் காட்ட முடியாதபோது அரசாங்கத்தைக் கண்டிக்க நான் தயாரில்லை என்ற கருத்தில் அமைந்தது அவர் பேச்சு. சபையின் போக்கு மாறியது. வாக்கெடுப்பு இல்லாமலே தீர்மானம் வாபஸ் ஆயிற்று. சபையைத் திருப்பியது ஹாலிபாக்ஸின் பேச்சு என்பதே உண்மை, அதை லாரன்ஸின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் அங்கே நின்று தாங்கியவர் அவர்.

ஏப்ரலில் எழுபத்தைந்து வயதில் பதவியிலிருந்து விலகினார். ஆகஸ்டு 15 வந்தபோது இந்தியா மந்திரியாக இருந்தவர் லிஸ்டோவெல் பிரபு. முடிவுரை எழுதும் பாக்கியம் லாரன்ஸுக்குக் கிடைக்கவில்லை. 1949-ல் போலக், பிரெய்ல்ஸ்போர்டு ஆகியோரோடு சேர்ந்து காந்திஜியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1954-ல் மனைவி மறைந்தார். 1957-ல், தம் எண்பத்தைந்தாவது வயதில், பழைய வாக்குரிமைப் போராட்டக்காரியான ஹெலன் கிராக்ஸை மணந்தார். 1961 செப்டம்பர் 10-ல் காலமானார். பிள்ளைகள் இல்லை. பரம்பரைப் பட்டம் என்று நான் வகுப்பில் சொன்னேனே, அது ஒரே தலைமுறையில், பதினாறு ஆண்டில் முடிந்துபோயிற்று.

ரூஃபஸ் ஐசக்ஸ் கதை

நினைவில் வைக்கச் சொன்ன பெயருக்கு வருகிறேன். 1912-ல் லாரன்ஸைக் கூண்டில் நிறுத்திய அட்டர்னி ஜெனரல்தான் பின்னாளில் ரீடிங் பிரபுவாகி, 1921 முதல் 1926 வரை நம் வைசிராயாக இருந்தார். 1922-ல் காந்திஜிக்கு ஆறாண்டு தண்டனை விதிக்கப்பட்டது அவர் காலத்தில். தில்லியில் அவர் பெயரால் ரீடிங் ரோடு என்று ஒரு சாலை இருந்தது. இன்று நாம் மந்திர் மார்க் என்று அழைக்கும் சாலை அது. 1946-ல் தூதுக்குழுவோடு பேச வந்த காந்திஜி தங்கியது அந்தச் சாலையில் உள்ள வால்மீகி கோயில் குடியிருப்பில். கைதிகள் இருவர் சந்தித்துப் பேச, வழக்குத் தொடுத்தவர் பெயர் சாலைப் பலகையில் மட்டும் இருந்தது.

இன்னொன்று. 1958-ல் சட்டம் மாறி, பிரபுக்கள் சபையில் முதன்முதலாக இடம் ஏற்ற பெண்மணி ஸ்வான்பரோ சீமாட்டி. அவர் ரூஃபஸ் ஐசக்ஸின் விதவை மனைவி. அப்போது லாரன்ஸும் அந்தச் சபையின் உறுப்பினர்.

இன்று லண்டன் பார்லிமெண்டுச் சதுக்கத்தில் 2015-ல் வைத்த காந்திஜி சிலை இருக்கிறது. அதே சதுக்கத்தில் 2018-ல் வைத்த மில்லிசென்ட் பாசெட் அம்மையாரின் சிலைப் பீடத்தில், பெண்கள் வாக்குரிமைக்கு உழைத்தவர்களின் பெயர்களோடு பெத்திக் லாரன்ஸ் தம்பதியர் பெயரும் இருக்கின்றன.

இளைஞர்கள் சிந்திக்க

வட்டத்துப் பிள்ளைகளுக்கு வழக்கம்போல மூன்று கேள்விகள்.

1. ஒருவர் பட்டம் வாங்கினாரா என்பது முக்கியமா, வாங்கிக்கொண்டு போய் எங்கே நின்றார் என்பது முக்கியமா?

2. திட்டத்தின் சொற்கள் இன்னும் தெளிவாக இருந்திருந்தால் உடன்பாடு நின்றிருக்குமா, அல்லது அன்றே முறிந்திருக்குமா?

3. தன்னை வெளியேற்றிய இயக்கத்தைத் தூற்றாமல் இருப்பது பலவீனமா, பலமா?

விடை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்ன அந்த வாக்கியத்தை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் அடித்துவிடுங்கள். நோட்டு இப்போது இல்லாவிட்டால் மனத்தில் அடியுங்கள். "பெ, கி, அ" மட்டும் அப்படியே இருக்கட்டும், அது பரீட்சைக்கு உதவும். அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்: "அம்மா, உன் புத்தகம்தான் சரி. தாத்தா தவறு."